கென்னத் ஆண்டர்சனும் இரண்டாவது தோட்டாவும்

மத்தியப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு படித்த நண்பர்கள் புரூனோ என்னும் கரடிக்குட்டியை மறந்திருக்க மாட்டார்கள். மைசூருக்கு அருகே கரும்புத் தோட்டத்தில் பன்றிகளை விரட்டும் வேளையில் ஒரு தாய்க்கரடி வெளியே வந்தது. உடனிருந்தவர்களில் ஒருவர் காரணம் ஏதுமின்றி அதைச் சுட்டு வீழ்த்தினார். அதன் முதுகைப் பற்றிக் கிடந்த குட்டி பெங்களூரில் ஒரு வீட்டை வந்தடைந்தது; எலி மருந்தைத் தின்று பிழைத்தது; எஞ்சின் எண்ணெயைக் குடித்தும் பிழைத்தது; வளர்ந்த பின் மைசூர் விலங்குக் காட்சிசாலைக்கு அனுப்பப்பட்டு, வளர்த்த அம்மையாரைக் காணாது உண்ணாமல் வாடியது. பீஹைவ் என்ற ஆங்கிலப் பாடநூலில் இந்தக் கதையைப் படித்து முடித்ததும் வினா விடைக்குப் போய்விட்டோம். பாடத்தின் கீழே இருந்த ஆசிரியர் பெயரை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

அவர் கென்னத் ஆண்டர்சன். அக்கரடிக்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அவருடைய புகழ் கரடியால் வந்ததன்று, புலியாலும் சிறுத்தையாலும் வந்தது. அவர் நடந்த காடுகளில் பெரும்பாலானவை நம் தமிழ்நாட்டுக் காடுகள். தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஒகேனக்கல், பென்னாகரம், நீலகிரியின் சேகூர் என்று அவர் நூல்களில் வரும் பெயர்களைப் பார்த்தால், நம் ஊர்ப் பேருந்தின் முகப்பில் எழுதிய பலகையைப் படிப்பது போலிருக்கும். வித்துராவில் பொன்முடி மலையடியில், பேப்பாறைக் காட்டை ஒட்டிப் படிக்கும் நமக்கு அவர் வாழ்க்கை அந்நியமானதாகத் தோன்றாது. நமக்குக் கிழக்கே நிற்கும் மலைமுகட்டைத் தாண்டினால் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகம் அன்றோ?

அவர் 1910-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் ஐதராபாத் சமஸ்தானத்தில் செகந்திராபாத்தை அடுத்த பொலாரத்தில் பிறந்தார். ஸ்காட்லாந்திலிருந்து வந்து ஆறு தலைமுறைகளாக இந்தியாவிலேயே வேரூன்றிய குடும்பம். தந்தையார் படைவீரர்களுக்குச் சம்பளக் கணக்குப் பார்க்கும் அலுவலில் இருந்தவர். வேட்டைப் பழக்கமும் உடையவர். ஆண்டர்சன் பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியிலும் செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் படித்தார். தபால் தந்தி இலாகாவில் பதினைந்து ஆண்டுகள் ஊழியம் செய்தார்; பின்னர் பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் திட்டமிடல் பிரிவின் மேலாளராக இருந்தார். இந்தச் செய்தியை நண்பர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறேன். ஆண்டர்சன் ஒரு மகாராஜா அல்லர். பெரிய ஜமீன்தாரும் அல்லர். மாதச் சம்பளம் வாங்கி, விடுப்பு எழுதிக் கொடுத்து, பழைய ஸ்டுடிபேக்கர் காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு காட்டுக்குப் போனவர். விடுப்பு முடியும் நாள் வந்துவிட்டதே என்று ஆட்கொல்லியை விட்டுவிட்டுத் திரும்ப நேர்ந்ததை அவர் எழுதும்போது, அலுவலகம் போகும் எவருக்கும் அவரைப் பிடித்துவிடும்.

காட்டில் அவருக்கு ஆசிரியர்களாக வாய்த்தவர்கள் பென்னாகரத்து ரங்காவும், சின்னாற்றுப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த பூசாரி குடியைச் சேர்ந்த பைராவும் ஆவர். இருவரும் சட்டத்தின் கண்ணுக்குக் கள்ளவேட்டைக்காரர்கள். ஆண்டர்சன் அதை மறைக்கவும் இல்லை, அதற்காக அவர்களைத் தாழ்த்தவும் இல்லை. பிற வெள்ளைக்கார வேட்டைக்காரர்களின் நூல்களில் காட்டுவாசி பெயரற்ற கூலியாள். மூட்டை தூக்குவார், பயந்து மரம் ஏறுவார். ஆண்டர்சன் நூல்களிலோ பைராவுக்கு முகம் உண்டு, குடும்பம் உண்டு, கருத்தும் உண்டு. தடம் பார்ப்பதிலும் காட்டின் ஒலியைப் பிரித்தறிவதிலும் அவரே குரு, துப்பாக்கி பிடித்தவர் சீடர். தமிழும் கன்னடமும் பேசத் தெரிந்ததால்தான் ஆண்டர்சனுக்கு இந்த உறவு கிடைத்தது. மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துக்கொண்டு எவரும் எவரோடும் நாற்பது ஆண்டு நட்புக் கொள்ள முடியாது.

இனி அவருடைய துப்பாக்கியைப் பற்றி. ஆண்டர்சனின் வீரத்தைப் பலர் எழுதிவிட்டார்கள். நான் எழுத விரும்புவது விரல் நீளமே உள்ள ஒரு பித்தளைத் தோட்டாவைப் பற்றி. வீரம் பரண் வரைக்கும் கொண்டுபோகும். பாயும் சிறுத்தைக்கும் மனிதனுக்கும் இடையே நிற்பது அந்தத் தோட்டா. அதிலும் முதல் தோட்டா அன்று, இரண்டாவது தோட்டா.

அவர் வாழ்நாளின் பெரும்பகுதி சுமந்தது அமெரிக்க வின்செஸ்டர் கம்பெனியின் 1895-ஆம் ஆண்டு மாதிரி, .405 தோட்டாவுக்கு அமைந்தது. அதை வடிவமைத்தவர் ஜான் மோசஸ் பிரௌனிங் (1855–1926). விசையைச் சுற்றியுள்ள வளையமே இதில் நெம்புகோல். அதைக் கீழே தள்ளினால் உள்ளே போல்ட் பின்னால் வந்து வெற்றுக் கூட்டை இழுத்து வெளியே எறியும். மேலே இழுத்தால் போல்ட் முன்னே சென்று, பெட்டியில் மேலாக நிற்கும் தோட்டாவைத் தள்ளிக் குழலின் அறைக்குள் செருகும். ஆங்கிலக் கௌபாய் படங்களில் கதாநாயகன் கை ஒரு வீச்சில் செய்வது இதையே. பெட்டியில் நான்கு, அறையில் ஒன்று, ஆக ஐந்து.

செல்வந்த வேட்டைக்காரர் இங்கிலாந்தில் சொல்லிச் செய்வித்த இரட்டைக்குழல் வைத்திருந்தார். ஒரு விசையை விட்டு மறுவிசையைத் தொட்டால் இரண்டாம் வெடி தீரும். ஆனால் அதன் விலை ஒரு வீட்டின் விலை. குமாவுன் மலையில் ஜிம் கார்பெட் பெயர்பெற்றது போல்ட்டைக் கையால் திருப்பும் .275 ரிக்பியோடு, இரட்டைக்குழலும் அவரிடம் இருந்தது. இராணுவம் பயன்படுத்திய .303 தோட்டாவுக்கான துப்பாக்கியைத் தனியார் வைத்துக்கொள்ள அரசு விடவில்லை. இந்தச் சூழலில், விலை மலிவாய், வேகமாய், புலிக்குப் போதிய பலமுடையதாய் ஒன்று வேண்டுமெனில் .405 நல்ல தேர்வு. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குச் சென்றபோது இதே மாதிரியைக் கொண்டுசென்றார். சிங்கத்துக்கு இதுவே மருந்து என்று புகழ்ந்தார்.

அந்தத் தோட்டாவின் கணக்கைப் பார்ப்போம். நாம் விஞ்ஞானம் படிப்பவர்கள். கணக்கில்லாமல் வியக்கக் கூடாது. 1904-இல் வந்த இதன் குண்டு 300 கிரெயின், ஏறத்தாழ 19.4 கிராம். குழலை விட்டு நொடிக்கு 2,200 அடி, அதாவது 670 மீட்டர் வேகத்தில் வெளிப்படும். இயக்க ஆற்றல் 4,370 ஜூல். 60 கிலோ எடையுள்ள மாணவர் ஏழு மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து விழும் ஆற்றல் அது. நியூட்டனின் மூன்றாம் விதி துப்பாக்கி பிடித்தவரையும் விடாது. குண்டின் உந்தம் மட்டுமே 13 கிலோகிராம்-மீட்டர்/நொடி; நான்கு கிலோ துப்பாக்கி நொடிக்கு மூன்று மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தோளில் வந்து இடிக்கும்; எரிந்த மருந்தின் வாயு தரும் உதை இன்னும் மேல். இந்த உதையைப் பின்னால் மீண்டும் சந்திப்போம், ஏனெனில் அது தோளை மட்டும் இடிப்பதில்லை.

பிரௌனிங் 1895-க்கு முன் வின்செஸ்டரின் நெம்புகோல் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒரு நீண்ட குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒன்றின் மூக்கு முன்னதன் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். முன்னதன் பின்புறத்தின் நடுவிலோ, தட்டினால் பொறி விடும் கேப்பு இருக்கிறது. மூக்கு கூராக இருந்தால் உதையின் அதிர்ச்சியில் அது கேப்பைக் குத்தி, கையிலேயே வெடிக்கலாம். ஆதலின் குழாய்த் துப்பாக்கிக்குத் தட்டை மூக்குக் குண்டுதான் பொருந்தும். புகையற்ற மருந்தும் பலமான நீண்ட தோட்டாவும் வந்த காலத்தில் பிரௌனிங் குழாயைக் கைவிட்டு, தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பெட்டியில் அடுக்கினார். ஒரு தொல்லை தீர்ந்தது. வேறொரு தொல்லை பிறந்தது.

.405 தோட்டாவின் அடியில் தட்டின் விளிம்பு போல ஒரு விளிம்பு உண்டு. தோட்டாக் கூடு தோளின்றி நேராக அமைந்ததால், அது அறைக்குள் எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்த விளிம்பே தீர்மானிக்கிறது. வெற்றுக் கூட்டை இழுக்கும் கொக்கிக்கும் அதுவே பிடி. இத்தனை பயனுள்ள விளிம்பு, பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது பகையாகிறது. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்னால் நின்றால், போல்ட் மேலதை முன்னே தள்ளும்போது அதன் விளிம்பு கீழதன் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். நெம்புகோல் பாதியில் நின்றுவிடும். எதிரே புலி நிற்காது.

எனவே இந்தத் துப்பாக்கியில் தோட்டா போடுவதே ஒரு பயிற்சி. மேலிருந்து ஒவ்வொன்றாக அழுத்தி, ஒவ்வொன்றின் விளிம்பும் முன்னதற்கு முன் அமர்ந்ததா என்று விரலால் தெரிந்துகொள்ள வேண்டும். இருட்டிலும் தெரிந்துகொள்ள வேண்டும். நெம்புகோலை முழுவீச்சில் இயக்க வேண்டும். ஓசை கேட்குமே என்று அஞ்சி மெல்ல அரைவாசி இழுத்தால் வெற்றுக்கூடு வெளியேறாமல் புதுத்தோட்டாவோடு மோதிக்கொள்ளும். போல்ட்டைத் திருப்பும் துப்பாக்கியில் கைப்பிடியைத் திருப்பும்போதே திருகாணி போன்ற வலிமையில் கூடு இளகும். நெம்புகோல் துப்பாக்கியில் அந்த வலிமை குறைவு. கூடு சற்று உப்பியிருந்தாலும் ஒட்டிக்கொள்ளும். இத்தனையும் தெரிந்தவர் கையில்தான் அந்த நெம்புகோல் வேகம். தெரியாதவர் கையில் அது இரும்புத் தடி.

இந்தச் சிறு சங்கதியை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்று சிலர் கேட்கலாம். ஆட்கொல்லி எப்படிப் பிறக்கிறது என்பதில் இருக்கிறது விடை.

புலி இயல்பாக மனிதனைக் கண்டால் விலகிப் போகும் விலங்கு. மானையும் பன்றியையும் பிடிக்கும் வலிமை உள்ளவரை அதற்கு மனிதன் வேண்டாம். காலில் காயம், தாடையில் காயம், முள்ளம்பன்றி முள், முதுமை, இவற்றில் ஏதோ ஒன்று அதை மெதுவாக ஓடும் இரையை நோக்கித் தள்ளுகிறது. ஆண்டர்சன் கதைகளில் அந்தக் காயத்தின் பின்னால் பெரும்பாலும் ஒரு துப்பாக்கி இருக்கிறது. நீர்க்குட்டையின் கரையில் மறைந்திருந்து சுட்டவரின் நாட்டுத் துப்பாக்கி, அல்லது இரவில் கார் விளக்கின் ஒளியில் கண் மின்னியதைப் பார்த்துச் சுட்டுவிட்டுப் போன நகரத்தாரின் துப்பாக்கி.

நாட்டுத் துப்பாக்கி கெட்டிப்பதை நம்மில் கிராமத்து நண்பர்கள் தாத்தா சொல்லிக் கேட்டிருப்பார்கள். கை மதிப்பாய் மருந்து, மேலே துணியோ தேங்காய் நாரோ, அதன்மேல் ஈயத் துண்டு, ஆணித் துண்டு, கிடைத்த ரவை, பின் கம்பியால் இடித்தல். இதுவும் கையால் தோட்டா கெட்டிப்பதுதான். ஆனால் ஒருநாள் மருந்து கூடும், ஒருநாள் குறையும், ஒருநாள் ஈரமாகும். குறைந்த மருந்தில் போன ரவை புலியின் தோலைக் கிழித்து உள்ளே தங்கும், கொல்லாது. சுட்டவர் வீட்டுக்குப் போய்விடுவார். புண் சீழ்பிடித்த புலி சில மாதம் கழித்து வேறொரு ஊரில் விறகு பொறுக்கும் பெண்ணைத் தூக்கும். அந்தப் பெண்ணுக்கும் அந்தத் துப்பாக்கிக்கும் தொடர்பே இல்லை. ஏழையின் நாட்டுத் துப்பாக்கியை மட்டும் குறை சொல்வதும் நியாயம் அன்று. விலையுயர்ந்த ரைபிளும் அதே வேலையைச் செய்தது.

ஜவளகிரிப் பெண்புலியே சான்று. ஆண்டர்சனின் முதல் நூல் அதன் கதையோடுதான் தொடங்குகிறது. துணையை இழந்து காட்டை அதிரவைத்துக் கொண்டிருந்த பெண்புலியை ஒரு வேட்டைக்காரரின் குண்டு காயப்படுத்தியது, கொல்லவில்லை. அதன் பின்பே அது மனிதர்களைக் கொல்லத் தொடங்கியது. ஆண்டர்சன் பலமுறை முயன்று தோற்றார். இறுதியில் காட்டுக்கோயில் ஒன்றின் அருகே, துணை தேடிக் கத்திய அந்தப் புலிக்கு ஆண்புலியின் குரலில் மறுமொழி கொடுத்து, தன்னை நோக்கி வரவழைத்துச் சுட்டார். அதைப் படிக்கும்போது வெற்றி மகிழ்ச்சி வருவதில்லை. ஏமாற்றிக் கொன்றோம் என்ற கூச்சத்தை அவரே மறைக்கவில்லை. அடிபட்ட விலங்கைக் காட்டில் விட்டுவிட்டு வருவது பாவம் என்று அவர் கருதியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். எத்தனை ஆபத்தானாலும் மறுநாள் இரத்தத் தடம் பிடித்துப் போய்த் தேடி முடிப்பதை அவர் கடமையாகக் கொண்டார். அப்படிப் போகும்போது புதரிலிருந்து பாய்வது பத்தடித் தூரத்தில் பாயும். முதல் வெடி தவறினாலும், தைத்தும் நிற்காவிட்டாலும், நெம்புகோல் ஒருமுறை கீழே போய் மேலே வரும் நேரமே மிச்சம்.

தளிக்குப் பக்கத்தில் உள்ள கும்மளாபுரத்தின் சிறுத்தை நாற்பத்திரண்டு பேரைக் கொன்றது என்று அவர் எழுதுகிறார். மாலையானால் அந்த வட்டாரத்தில் கதவுகள் சாத்தப்படும். வெளியே போக வேண்டியவர்கள் விடியும்வரை அடக்கிக்கொண்டு கிடந்தார்கள். ஆண்டர்சன் இரவுகளில் தனியே வெளியில் அமர்ந்து, ரைபிளில் டார்ச்சு விளக்கைப் பொருத்திக்கொண்டு, தம்மையே இரையாக வைத்துக் காத்திருந்தார். அங்கே ஊர்ச் சொறிநாய் ஒன்று குளிருக்கு ஒண்டி அவர் பக்கத்தில் வந்து படுத்தது. சிறுத்தை வந்ததை அவர் காதுக்கு முன் அந்த நாயின் மூக்கு அறிந்தது. அதன் உறுமலே அவரைக் காத்தது. வேட்டை முடிந்ததும் அவர் செய்த முதல் காரியம் அந்த நாயைப் பெங்களூருக்குத் தம்மோடு கூட்டிச் சென்றதுதான். நிப்பர் என்று பெயர் வைத்தார். ஆண்டர்சன் கதைகளில் மிகையே இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை. ஐயப்படும் வாசகர்கள் உண்டு. நிப்பரை மட்டும் ஐயப்பட எனக்கு மனம் வரவில்லை.

1939 முதல் 1966 வரை அரசுப் பதிவேட்டில் ஏறியவை எட்டு ஆட்கொல்லிச் சிறுத்தைகளும் ஏழு புலிகளும் என்பர். இருபத்தேழு ஆண்டுகளுக்கு அது பெரிய எண் அன்று. பெயருக்காக எண்ணிக்கை சேர்த்த ராஜாக்களோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. அவரது முதல் நூல், ஒன்பது ஆட்கொல்லிகளும் ஒரு கொம்பன் யானையும் என்ற பொருள்படும் தலைப்பில், 1954-இல் லண்டனில் வெளியாயிற்று. அடுத்து 1957, 1959, 1961, 1964, 1967, 1970 என்று நூல்கள் வந்தன. சிவனிப்பள்ளிக் கருஞ்சிறுத்தையை அவற்றில் ஒன்று சொல்கிறது.

இந்த நூல்கள் வெளிவரத் தொடங்கிய அதே காலத்தில் அவரது தோட்டா உலகத்திலிருந்து மறையத் தொடங்கியது என்பதுதான் வேடிக்கை. 1895 மாதிரித் துப்பாக்கியின் உற்பத்தி 1940-க்குள் நின்றது. 1950-களின் நடுவில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் .405 தோட்டாவையும் கைவிட்டன. துப்பாக்கி கெடவில்லை, தீனி இல்லை. உலகெங்கும் இந்தத் துப்பாக்கியை வைத்திருந்தவர்கள் பழைய பித்தளைக் கூடுகளைப் பொன்போல் சேர்த்து வைத்தார்கள். புதுக் கேப்பு, புது மருந்து, புதுக் குண்டு போட்டு, உரிமம் பெற்றுத் தாமே தோட்டா செய்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் அது ஒரு கலையாகவே வளர்ந்தது. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் தோட்டா செய்வதற்கும் உரிமம் கேட்கிறது. ஆதலின் நாம் அந்தக் கலையின் தத்துவத்தை அறிந்தால் போதும்.

தத்துவம் இதுதான். வலுவான தோட்டா செய்வது எளிது. தடையின்றி ஏறும் தோட்டா செய்வதே அரிது. .405 கூட்டின் நீளம் 2.583 அங்குலம், குண்டையும் சேர்த்தால் 3.175 அங்குலம், நம் கணக்கில் 80.6 மில்லிமீட்டர். பெட்டி இந்த நீளத்துக்கு அளந்து செய்யப்பட்டது. குண்டை அதிகம் வெளியே நீட்டினால் தோட்டா பெட்டியின் முன்சுவரில் இடித்து மேலெழாது. அதிகம் உள்ளே அழுத்தினால் மூக்கு தாழ்ந்து, அறையின் வாயில் ஏறாமல் அடியில் குத்தி நிற்கும். மூக்கின் வடிவமும் அப்படியே. உருண்டை மூக்கு ஏற்றப் பாதையில் வழுக்கி ஏறும். அகன்ற தட்டை மூக்கின் ஓரம் வாயின் விளிம்பில் தட்டும். பெயரும் ஏமாற்றும்: .405 என்று சொன்னாலும் குண்டின் விட்டம் .411 அங்குலம், பெயரை நம்பிக் குண்டு வார்த்தவர் ஏமாந்தார்.

இங்கேதான் முன்பு சொன்ன உதை திரும்பி வருகிறது. முதல் வெடியில் துப்பாக்கி பின்னோக்கிப் பாய்கிறது. பெட்டியில் உள்ள தோட்டாக்களோ நிலைமத்தால் இருந்த இடத்திலேயே நிற்க முயல்கின்றன. விளைவு, பெட்டியின் முன்சுவர் வந்து அவற்றின் மூக்கில் மோதுகிறது. நேரான கூட்டில் குண்டைத் தாங்க உள்ளே தோள் இல்லை. பிடிப்பு தளர்ந்தால் குண்டு கூட்டுக்குள் இறங்கிவிடும். இறங்கினால் நீளம் குறைந்து ஏற மறுக்கும். அதுமட்டுமா, மருந்துக்கு இடம் சுருங்கி அழுத்தமும் எகிறும். முதல் வெடி வெடித்ததாலேயே இரண்டாவது தோட்டா கெட்டுப்போகிறது! இதற்குத்தான் குண்டின் இடுப்பில் ஒரு பள்ளம் வெட்டி, கூட்டின் வாயை அந்தப் பள்ளத்துக்குள் மடித்துக் கடிப்பித்துவிடுவார்கள். எல்லாக் கூடும் ஒரே நீளமாக வெட்டப்பட்டிருந்தால்தான் எல்லா மடிப்பும் ஒரே இறுக்கமாக அமையும். ஒன்று நீளமாய் இருந்தால் வாய் பிதுங்கும், அறையில் ஒட்டும். ஒன்று குட்டையாய் இருந்தால் மடிப்பு பிடிக்காது. தேர்ந்த கைகள் முதலில் கேப்பும் மருந்தும் இல்லாத வெற்றுத் தோட்டா சிலவற்றைச் செய்து, பெட்டியில் போட்டு, நெம்புகோலை வேகமாகவும் மெதுவாகவும் இயக்கிப் பார்ப்பார்கள். அவை ஐம்பது முறை தவறாமல் ஏறி இறங்கிய பின்பே மருந்தைத் தொடுவார்கள்.

விமானத் தொழிற்சாலையில் திட்டமிடல் பார்த்த ஒருவருக்கு, அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு என்ன செய்யும் என்று யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. பறக்கும் எந்திரத்தில் ஓர் ஆணி பிசகினால் என்ன ஆகும் என்பது அவர் அன்றாட அலுவல். அவர் நூல்களில் ஓரிடத்திலும் துப்பாக்கியைத் தெய்வமாக்கிப் பாடவில்லை, தேய்ந்த பழைய.405 என்று வீட்டு மாட்டைச் சொல்வதுபோல் சொல்லிப் போகிறார். மேலும் புதிய, நேர்த்தியான ரைபிள்கள் சந்தைக்கு வந்த பின்னும் அதை மாற்றவில்லை. கைக்குப் பழகிய நெம்புகோலை இருட்டில் எண்ணாமல் இயக்கலாம். அந்தப் பழக்கத்தைப் புதிதாக வாங்க முடியாது.

வயது ஏற ஏற அவர் சுடுவது குறைந்தது. கேமராவும் குறிப்பேடும் கூடின. கள்ளவேட்டையும், காட்டை வெட்டி வயலாக்குவதும், பூச்சிமருந்து தடவிய இரையை வைத்துப் புலியைக் கொல்வதும் தென்னாட்டுக் காடுகளை வெறுமையாக்குகின்றன என்று அறுபதுகளிலேயே எழுதினார். வேட்டைக்காரர் காடு காக்கச் சொல்வது சிலருக்கு நகைப்பாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜவளகிரியில் எத்தனை புலி இருந்தது, பிறகு எத்தனை இல்லாமற்போனது என்பதை நடந்து பார்த்துச் சொல்லக்கூடியவர் அவரைப் போன்ற சிலரே. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை முடிவுக்கு வந்தது. 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. இரண்டையும் அவர் கண்ணால் பார்த்தார்.

புற்றுநோய் அவரைப் பிடித்தது. 1974 ஆகஸ்டு 30-ஆம் நாள் பெங்களூரில் காலமானார். அவர் விட்டுச்சென்ற கையெழுத்துப் பிரதி ஒன்று 1976-இல் நூலாக வந்தது. காட்டில் அவரோடு நடந்து வளர்ந்த மகன் டொனால்டு 2014 வரை வாழ்ந்தார். அந்த 2014-ஆம் ஆண்டில்தான் ஜவளகிரி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளைச் சேர்த்துத் தமிழ்நாட்டரசு காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தை அறிவித்தது. 2022-இல் காவிரி தெற்குச் சரணாலயமும் அதனோடு வந்து சேர்ந்தது. விடுமுறையில் ஓசூர் வழியாக ஊருக்குப் போகும் நண்பர்கள், தளிச் சாலையில் பேருந்து திரும்பும்போது வலப்புறமும் இடப்புறமும் தெரியும் அந்தக் குறுங்காட்டைச் சற்றுப் பார்த்துக்கொண்டே போகலாம். கும்மளாபுரம் அங்கேதான் இருக்கிறது.